பன்னிரண்டு இதழ்களில் ஓர் உலக உருண்டை: முதல் உறை தவறியதும் இரண்டாம் உறை பொருந்தியதும்

நேற்று மாலை தென் துருவத்தின் மேல் கடைசி வட்டக் காகிதத்தை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் அதன் விளிம்பை நீவி முடித்தேன். தட்டையான காகிதத்தில் அச்சிட்ட படத்தைக் கொண்டு 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை ஒன்றை நானே செய்துவிட வேண்டும் என்று தொடங்கி 41 நாள்கள் ஆகின்றன. இடையில் ஒருமுறை ஒட்டி முடித்த உறை முழுவதையும் ஈரத்துணி வைத்து உரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தவறு ஏன் நேர்ந்தது என்பதும், அதை அளந்து கண்டுபிடித்துத் திருத்திய விதமும் இதே வேலையில் இறங்குகிற வேறு ஒருவருக்குச் சில நாள்களையாவது மிச்சப்படுத்தும் என்பதால் எல்லா அளவுகளோடும் எழுதி வைக்கிறேன்.

முதலில் போட்ட கணக்கு எளிமையானது. 30 செ.மீ. விட்டமுள்ள பந்தின் சுற்றளவு 94.25 செ.மீ. அதை 12 இதழ்களாகப் பிரித்தால் ஒவ்வோர் இதழும் நிலநடுக்கோட்டில் 7.85 செ.மீ. அகலமும், துருவத்திலிருந்து துருவம் வரை 47.12 செ.மீ. நீளமும் கொண்டிருக்கும். நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூர்ந்து முடியும் இந்த இதழ்களைத்தான் உருண்டை செய்பவர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டி வருகிறார்கள். அமெரிக்கா என்ற பெயரை முதன்முதலில் தாங்கி 1507இல் வெளிவந்த, ஜெர்மானிய வரைபடக் கலைஞர் வால்ட்சேமுல்லரின் சிறிய உருண்டைக்கான அச்சுத் தாளிலும் 12 இதழ்களே உள்ளன. ஓர் இதழ் 30 பாகை தீர்க்கரேகையை மூடுகிறது. 30 பாகை, 7.85 செ.மீ. என்ற இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டேன்.

பந்துக்கு அச்சாக முதலில் ஊதுபையை முயன்றது வீண். எவ்வளவு கவனமாக ஊதினாலும் வாய்ப்பக்கம் நீண்டு பேரிக்காய் வடிவமே வந்தது. குறுக்குச் சுற்றளவுக்கும் நெடுக்குச் சுற்றளவுக்கும் 4 செ.மீ. வேறுபாடு இருந்தது. அதை விட்டுவிட்டு, காற்றடிக்கும் ரப்பர் பந்து ஒன்றை 91.7 செ.மீ. சுற்றளவு வரும் வரை ஊதி வாயை அடைத்தேன். அதன் மேல் முதல் அடுக்கு செய்தித்தாள் துண்டுகளைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்துப் படியவைத்தேன். பசை பந்தில் பட்டால் பிறகு கழற்ற முடியாது. அதற்கு மேல் மைதாப் பசையில் 8 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கையும் வேறு வேறு திசையில் ஒட்டினால் காய்ந்தபின் ஓடு கோணுவதில்லை. இரண்டு அடுக்குக்கு ஒரு நாள் காயவிட்டதில் இந்த வேலை மட்டும் ஐந்து நாள் எடுத்தது. பிறகு நிலநடுக்கோடு வரும் இடத்தில் கத்தியால் சுற்றி வெட்டி, பந்தின் காற்றை இறக்கி எடுத்துவிட்டு, 6 மி.மீ. இரும்புத் தண்டு ஒன்றை அச்சாகச் செலுத்தி, இரண்டு அரைக்கோளங்களையும் சேர்த்து ஒட்டினேன்.

காகித ஓடு மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை உருட்டிச் சமன் செய்யும் முறைதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒட்டுப்பலகையில் 30 செ.மீ. விட்டத்துக்கு அரைவட்டம் ஒன்றை வெட்டி எடுத்து, அதன் உள்விளிம்பில் தகரப் பட்டை அடித்துக்கொண்டேன். தண்டின் இரு முனைகளையும் அரைவட்டத்தின் இரு கோடிகளில் உள்ள துளைகளில் பொருத்தி, ஓட்டின் மேல் சுவர்ப் பட்டியைப் பூசிக்கொண்டே பந்தைச் சுழற்றினால் மிகையான பட்டியைத் தகரம் வழித்துவிடும்; பள்ளங்கள் மட்டும் நிறையும். முதலில் பாரிஸ் சாந்தைப் பயன்படுத்தியது தவறாயிற்று, ஏனெனில் அரை வட்டம் சுழற்றுவதற்குள் அது இறுகிப் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. சுவர்ப் பட்டியோடு கொஞ்சம் மரப்பசையைக் கலந்தபோது பதம் நீண்ட நேரம் நின்றது. ஆறு பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 120ஆம் எண் உப்புத்தாள், இறுதியில் 220. கடைசியாக, தண்ணீர் கலந்த மரப்பசையை மேற்பரப்பு முழுவதும் ஒருமுறை தடவிக் காயவைத்தேன். அப்போது அதன் அருமை தெரியவில்லை. உறையை உரிக்க நேர்ந்தபோது பட்டி பெயராமல் காத்தது அந்தப் பூச்சுதான்.

இமயமலையையும் ஆண்டிஸையும் பட்டியால் சற்று மேடாக்கலாம் என்று தொடக்கத்தில் ஓர் எண்ணம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதைக் கைவிட்டேன். இந்த அளவில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 420 கி.மீ. 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் இதில் 0.2 மி.மீ. மட்டுமே வரும், அதாவது சாதாரண அச்சுத்தாள் இரண்டின் தடிப்பு. துருவங்களில் பூமி தட்டையாக இருப்பதுகூட 30 செ.மீ. பந்தில் 1 மி.மீ. மட்டும்தான். என் பந்தைத் துணி நாடாவால் அளந்தபோது நிலநடுக்கோட்டில் 95.3, துருவங்கள் வழியாக ஒரு திசையில் 95.6, அதற்குக் குறுக்கே 95.1 செ.மீ. இருந்தது. விட்டக் கணக்கில் 1.6 மி.மீ. கோணல். உண்மையான பூமி என் பந்தைவிடச் சீரான உருண்டை என்பதை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அறிந்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் நீங்கவில்லை.

30 செ.மீ. வரவேண்டிய பந்து 30.33 செ.மீ. ஆனதற்குக் காரணம், சுழலச் சுழலத் தண்டின் துளை தேய்ந்து அகன்றுவிட்டதே. 3 மி.மீ.தானே என்று அப்போது விட்டுவிட்டேன்.

பட்டி காய்ந்துகொண்டிருந்த நாள்களில் படத்தைத் தயார் செய்தேன். இதிலும் முதல் படம் தவறானது. கணினியில் எளிதாகக் கிடைத்த சதுர உலகப்படம் ஒன்றை எடுத்து, 12 பட்டைகளாக நறுக்கி, சோதனைக்காகச் சில நகரங்களின் இடத்தைச் சரிபார்த்தேன். லண்டன் 30 பாகை வடக்கில், கெய்ரோ இருக்க வேண்டிய கோட்டின் மேல் நின்றது. கெய்ரோ 16 பாகைக்கு அருகில் இறங்கியிருந்தது. நான் எடுத்தது மெர்கேட்டர் படம். 1569இல் மாலுமிகளுக்காக வரையப்பட்ட அந்த முறையில் திசைக்கோணம் மாறாமல் இருப்பதற்காகத் துருவம் நோக்கிப் போகப் போக ஒவ்வொரு பாகையும் நீட்டப்படுகிறது. 60 பாகையில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது என்றாலும் அந்தப் படத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுவது இதனால்தான். ஒவ்வொரு பாகைக்கும் சமமான உயரம் தருகிற, அகலம் உயரத்தைப் போல இரு மடங்கான செவ்வகப் படம்தான் இதழ் வெட்டுவதற்குத் தேவை. பொதுவுடைமையாகக் கிடைக்கும் நேச்சுரல் எர்த் தொகுப்பில் 1 : 5 கோடி அளவுக்குரிய படம் 10,800 × 5,400 புள்ளிகளில் இருக்கிறது. ஓர் இதழுக்கு 900 புள்ளிகள், ஒரு பாகைக்கு 30 புள்ளிகள் என்று அது கணக்காக வந்து பொருந்தியது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 290 புள்ளிகளுக்குச் சற்று மேல். சிறிய தீவுகள்கூடத் தெளிவாக விழுந்தன.

இதழாக்குவதற்குச் சிறிய நிரல் ஒன்று எழுதினேன். 900 புள்ளி அகலமுள்ள பட்டையின் ஒவ்வொரு வரியையும் அந்த அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கிச் சுருக்கி நடுவில் வைப்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. 7.85 செ.மீ. அகலம் 30 பாகையில் 6.80 ஆகவும், 45இல் 5.55 ஆகவும், 60இல் 3.93 ஆகவும், 75இல் 2.03 ஆகவும் குறையும். 47 செ.மீ. நீளம் ஏ3 தாளிலும் அடங்காது என்பதால் நிலநடுக்கோட்டில் வெட்டி 24 அரை இதழ்களாக்கினேன். வடக்குப் பாதிகளுக்கு மட்டும் கோட்டுக்குக் கீழே 3 மி.மீ. படம் தொடரும்படி ஒட்டு விளிம்பு விட்டேன்.

மையைத் தெளித்து அச்சிடும் வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த முதல் தாள் பசை பட்டதும் கரைந்து, கடலின் நீலம் ஆஸ்திரேலியாவுக்குள் ஏறிவிட்டது. லேசர் அச்சு கரைவதில்லை. ஆனால் ஈரத்தாளைக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் மேல் பூச்சு உரிகிறது. இடையில் ஒரு மெல்லிய தடத்தாளை வைத்துத் தேய்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

முதல் உறையை ஒட்டும்போது பந்தின் மேல் நிலநடுக்கோட்டையும், தொடங்கும் இடமான 0 பாகைக் கோட்டையும் மட்டும் பென்சிலால் வரைந்திருந்தேன். அரை இதழை நான்கு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பின்புறம் பசை தடவி, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி ஒட்டிக்கொண்டே போனேன். முதல் மூன்று இதழ்கள் அழகாக அமைந்தன. ஆறாவதை ஒட்டியபோது உருண்டையின் எதிர்ப்பக்கத்துக்கு நேராக வர வேண்டிய விளிம்பு 2 மி.மீ.க்குச் சற்று மேல் தள்ளிப்போயிருப்பதாகத் தோன்றியது. நாடாவை நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று எண்ணினேன். பன்னிரண்டாவது இதழின் விளிம்பு முதல் இதழின் மேல் 4.6 மி.மீ. ஏறி உட்கார்ந்தது.

4.6 மி.மீ. என்பது இந்த அளவில் 190 கி.மீ.க்கும் அதிகம். குனிந்து பார்த்தேன். கினி வளைகுடாவின் கரையில் கானாவுக்கு அடுத்து நேராகப் பெனின் நின்றது. ஏறக்குறைய 1.8 பாகை கிழக்கோடு முடிந்துவிடும் ஒடுங்கிய நாடான டோகோ அநேகமாக முழுவதும் பன்னிரண்டாவது இதழுக்கு அடியில் போய்விட்டது. வடக்கே இங்கிலாந்தின் கிழக்குக் கரை மழுங்கி, நார்ஃபோக்கின் வளைவே இல்லாமல் இருந்தது. விளிம்பைத் தூக்கி வெட்டிச் சீராக்கி விடலாம்தான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாட்டை மறைத்துவைத்திருக்கும் உருண்டையை மேசையில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஈரத்துணியை இரவு முழுவதும் சுற்றி வைத்து, காலையில் உரித்தேன். மூன்று இடங்களில் மட்டும் பட்டி பெயர்ந்து வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதே 100 ஜிஎஸ்எம் தாளிலிருந்து 20 செ.மீ. நீளமுள்ள பட்டைகளை இரண்டு திசைகளிலும் வெட்டி, நான்கு நிமிடம் ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் விரித்து அளந்தேன். தாளின் இழை ஓடும் திசையில் 20.06 செ.மீ.; இழைக்குக் குறுக்கே 20.32 செ.மீ. அதாவது குறுக்கே 1.6 விழுக்காடு விரிகிறது. 94.25 செ.மீ.க்கு அச்சிட்ட உறை ஈரத்தில் 95.76 ஆகிவிட்டிருக்கிறது, பந்தோ 95.3. பந்து தற்செயலாகப் பெரிதாகப் போனதால்தான் மிகை 4.6 மி.மீ.யோடு நின்றது. திட்டமிட்டபடி 30 செ.மீ.க்கே பந்து அமைந்திருந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் மிஞ்சியிருக்கும். ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்துவைத்திருந்ததால் ஒவ்வோர் இதழிலும் 0.4 மி.மீ. மட்டுமே தவறியது; கண்ணுக்குப் படவில்லை.

இரண்டாம் உறையை அளந்த எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். குறுக்கே 95.3ஐ 1.016ஆல் வகுத்தால் 93.8, ஆகவே ஓர் இதழின் அச்சு அகலம் 7.82 செ.மீ. நெடுக்கே 23.83ஐ 1.003ஆல் வகுத்தால் அரை இதழின் உயரம் 23.75 செ.மீ. அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனி விகிதம் தேவைப்படுவதால், அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற வசதியை நிறுத்திவைத்து, படத்தின் அளவை நிரலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாத் தாள்களிலும் இழை துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடும்படி பார்த்துக்கொண்டேன். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அறிய, தாளின் ஒரு மூலையை ஈரப்படுத்தினால் போதும். இழைக்கு இணையான அச்சைச் சுற்றித் தாள் சுருளும்.

பந்தின் மேலும் இம்முறை முழுமையாகக் கோடு போட்டேன். அரைவட்டப் பலகையின் நடுவில் பென்சிலை வைத்துச் சுழற்றி நிலநடுக்கோடு, 95.3 செ.மீ. நீளமுள்ள காகித நாடாவைப் பன்னிரண்டாக மடித்து 7.94 செ.மீ.க்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் பலகைக்கு நேரே நிறுத்தி அதன் விளிம்பை ஒட்டித் தீர்க்கரேகை. தொடங்கும் கோட்டையும் மாற்றினேன். கடைசி இணைப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் எல்லாப் பிழையும் குவியும் என்பதால், கிரீன்லாந்தையும் அண்டார்க்டிகாவையும் தவிர வேறு பெரிய நிலம் எதையும் தொடாத 30 பாகை மேற்கைத் தேர்ந்தெடுத்தேன். வரிசையாகப் போகாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறு இதழ்களை முதலில் கோட்டுக்குக் கோடு பொருத்திவிட்டு, இடைவெளிகளை மற்ற ஆறால் நிரப்பினேன். பிழை இருந்தாலும் அது ஒவ்வோர் இடைவெளிக்குள்ளேயே தீர்ந்துவிடும், சேர்ந்துகொண்டே போகாது.

இதழின் ஓரத்தில் வரும் சுருக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்குதான் பலரும் பசையின் மேல் பழியைப் போடுகிறார்கள். தட்டையான அரை இதழின் நடுக்கோடு 23.6 செ.மீ. என்றால் அதன் வளைந்த ஓரம் 24 செ.மீ.; 4 மி.மீ. நீளம் அதிகம். பந்தின் மேலோ நடுவும் ஓரமும் ஒரே நீளமுள்ள தீர்க்கரேகைகள். அந்த 4 மி.மீ. எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். 8 இதழ்களாக வெட்டினால் ஓரத்தின் மிகை 3.7 விழுக்காடு, 12க்கு 1.7, 24க்கு 0.4. உருண்டையின் மேற்பரப்பைப் பிசகில்லாமல் தட்டையாக விரிக்க முடியாது என்று கணித மேதை காஸ் 1827இல் நிறுவியதை நான் படித்திருக்கிறேன். கட்டைவிரலுக்கடியில் ஈரக் காகிதம் மடிந்து எழும்பும்போது அது வேறு விதமாகப் புரிந்தது. என் கையில் பலித்த வழி இது: நடுக்கோட்டை முதலில் பந்தில் பதித்து, கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து துருவத்தை நோக்கி மெல்ல இழுத்து நீட்ட வேண்டும், பிறகு ஓரத்தை விரல் நுனியால் தட்டித் தட்டி அடக்க வேண்டும். சின்னச் சுருக்கங்கள் காயும்போது தாமாகவே இழுபட்டு மறைகின்றன. 45 பாகைக்கு மேல் ஓரத்தில் 5 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு சிறு வெட்டுகள் கொடுத்தால் போதும். அதற்கு மேல் வெட்டினால் கடற்கரை பிசிறடிக்கிறது.

நிலநடுக்கோட்டுச் சேர்க்கை சரியா என்பதற்கு விக்டோரியா ஏரியைச் சோதனையாக வைத்துக்கொண்டேன். கோடு அதன் வட பகுதியைக் கடக்கிறது. தெற்குத் தாளில் உள்ள கரையும் வடக்குத் தாளில் உள்ள கரையும் ஒரு மயிரிழை விலகினாலும் ஏரி உடைந்ததுபோல் தெரிந்துவிடும். இரண்டாம் உறையில் அது ஒரே கோடாக ஓடியது. 30 பாகை மேற்கில் மிஞ்சிய இடைவெளி 0.5 மி.மீ.க்கும் குறைவு. அட்லாண்டிக்கின் நீலத்தில் ஒரு தூரிகைத் தீற்றலோடு அது தீர்ந்தது.

துருவங்களில் 12 கூர்முனைகளும் கூடுமிடம் எப்போதும் குப்பையாகத்தான் இருக்கும். அதை மூட வட்டத் தொப்பி வேண்டும். நான் 20 பாகை ஆரத்துக்கு வெட்டியது பெரிதாகிவிட்டது. தட்டை வட்டத்தின் சுற்றளவு பந்தின் மேலுள்ள வட்டத்தைவிட 7 மி.மீ. அதிகம் என்பதால் விளிம்பில் அலை எழுந்தது. வட துருவத் தொப்பியில் இரண்டு மடிப்புகள் இன்னும் தெரிகின்றன. தென் துருவத்துக்கு 15 பாகையாகக் குறைத்தேன். மிகை 3 மி.மீ.க்கும் கீழே வந்துவிட்டதால் அது சுத்தமாக அமர்ந்தது.

தொப்பி ஒட்டுவதற்கு முன் எடையையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. தாங்கியில் வைத்துச் சுழற்றிவிட்டால் எப்போதும் பசிபிக் கீழே வந்து நின்றது. அந்தப் பக்கம் பட்டி தடிப்பு. அரைக்கோளங்களைச் சேர்ப்பதற்கு முன்பே எதிர்ப்பக்கத்தில் எடை வைத்திருக்க வேண்டும். தாமதமாக நினைவு வந்ததால், துருவத்தில் 1.5 செ.மீ. துளையிட்டு, பசையில் குழைத்த இரும்புக் குண்டுகளை ஆப்பிரிக்கப் பக்கத்துச் சுவரில் படியும்படி உள்ளே விட்டு, சாய்த்துக் காயவைத்தேன். 60 கிராம் போதுமானதாக இருந்தது. தாங்கியில் அச்சின் சாய்வு 23.4 பாகை.

மொத்தத்தில் வீணான அச்சுத் தாள்கள் 31. உழைப்பு நேரம் ஏறத்தாழ 70 மணி, அதில் மூன்றில் ஒரு பங்கு உப்புத்தாளுக்கே போயிற்று. அடுத்த உருண்டையில் தண்டு சுழலும் துளைக்குள் உலோக வளையம் வைப்பேன். பந்து முடிந்து அதன் சுற்றளவை நாடாவில் அளக்கும் வரை ஒரு தாளைக்கூட அச்சிட மாட்டேன். 24 இதழ்களாக வெட்டுவேன். ஒட்டும் வேலை இரட்டிப்பானாலும் அரை இதழின் ஓர மிகை 1 மி.மீ. ஆகிவிடும், வெட்டுகளும் தேவைப்படாது. இரண்டு துருவங்களுக்கும் 15 பாகைத் தொப்பிதான்.

மேல் பூச்சு இன்னும் அடிக்கவில்லை. தாள் முழுவதும் உலர ஒரு வாரம் வேண்டும். அதற்குள் இன்று காலை ஒரு நூலை எடுத்து நியூயார்க்குக்கும் மாட்ரிடுக்கும் இடையே இழுத்துப் பிடித்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 பாகைக்குச் சற்று மேலே இருப்பவை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவற்றைச் சேர்க்கும் கோடு குறுக்கே நேராக ஓடுகிறது. உருண்டையில் நூல் அந்தக் கோட்டின் மேல் நிற்க மறுத்தது. விரலால் கீழே இறக்கினாலும், இழுவிசை கொடுத்ததும் வடக்கே வழுக்கி 46 பாகைக்குப் போய் நின்றது. நூலின் நீளம் 13.8 செ.மீ.; 420ஆல் பெருக்கினால் 5,796 கி.மீ. உண்மைத் தூரம் சுமார் 5,770 கி.மீ.